விளிம்பிலே ஒரு பெயர்

தபால் முத்திரை சேர்க்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். பழைய நாணயங்களைச் சேர்க்கும் பெரியோரையும் அறிவோம். தீப்பெட்டிப் படங்களையும் கடற்கரைச் சிப்பிகளையும் சேர்ப்போர்கூட நம் அயலில் உளர். ஆனால், பிறர் மார்பிலே தொங்கிய போர்ப் பதக்கங்களைத் தேடித் தேடி வாங்கிச் சேர்ப்போரும் உலகில் இருக்கின்றனர் என்றால் நம்மவரிற் பலர் மூக்கின்மேல் விரலை வைப்பர்.

அவ்வியப்புக்கு நியாயம் உண்டு. முத்திரை கடிதத்தோடு வந்து கழிவது. நாணயம் கைமாறுவதற்கென்றே பிறந்தது. பதக்கமோ ஒரு மனிதன் தன் உயிரைப் பணயம் வைத்துப் பெற்றது. அதனைப் பெற்றவனுமல்லாத, அவன் மரபில் வந்தவனுமல்லாத ஒருவன் காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பேழையில் வைத்து மகிழ்வது தகுமா? இவ்வினா எம் உள்ளத்தில் நெடுநாள் இருந்தது. அதற்கு விடை தேடப் புகுந்தபோது, இந்தச் சேகரிப்பாளர் எவ்வாறு தோன்றினர் என்னும் கதை எமக்குக் கிட்டியது. அக்கதையை வாசகரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். வீரச் செயலுக்காக ஒருவனைத் தெரிந்தெடுத்து வழங்கும் விருது வேறு. ஒரு போரிற் பங்குபற்றிய யாவருக்கும் வழங்கும் பதக்கம் வேறு. விக்டோரியாச் சிலுவை முன்னதைச் சேர்ந்தது. நாம் இங்கே பெரிதும் பேசப் புகுவது பின்னதைப் பற்றியே. முன்னதைப் பெற்றோர் சிலர். அவர்களைச் சரித்திரம் மறப்பதில்லை. பின்னதைப் பெற்றோர் பல இலட்சம் பேர். அவர்களைச் சரித்திரம் நினைப்பதில்லை.

தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒன்றே

ஆதியிலே பதக்கம் என்பது தளபதிகளுக்கும் பிரபுக்களுக்கும் உரிய பொருளாகவே இருந்தது. 1650ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆந் திகதி நடந்த டன்பார் போரில் வென்ற குரொம்வெல்லின் படையினருக்காக இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஒரு பதக்கம் செய்வித்தது. அதன் பின்னர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே சாதாரண போர்வீரனை அரசாங்கம் இவ்வகையிற் பொருட்படுத்தவில்லை. 1798இல் நைல் நதிமுகத்தில் நெல்சன் வென்றபோதும் அரசாங்கம் கப்பலோட்டிகளுக்குப் பதக்கம் அளிக்கவில்லை. நெல்சனின் காரியத்தரான அலெக்சாந்தர் டேவிசன் என்பவரே தம் கைப்பணத்தைச் செலவிட்டு, பதவிக்கேற்பப் பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் பதக்கங்கள் செய்வித்து யாவருக்கும் வழங்கினார்.

கீழைத் தேசத்தில் கிழக்கிந்தியக் கம்பனியார் இவ்விஷயத்தில் அரசாங்கத்துக்கு முந்திக்கொண்டனர். 1795–96இல் ஒல்லாந்தரிடமிருந்து நம் இலங்கையைக் கைப்பற்றிய போரிற் பணிபுரிந்த வங்காளப் பீரங்கிப் படையினருக்குக் கம்பனியார் பதக்கம் அளித்தனர். ஒரு பக்கத்தில் ஆங்கிலமும் மறு பக்கத்தில் பாரசீகமும் பொறித்த பதக்கம் அது. 1799 மே 4ஆந் திகதி சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின் வழங்கப்பட்ட பதக்கம் பர்மிங்காமுக்கு அருகே மத்தியூ போல்ட்டனின் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டது. அதிலே சிங்கம் ஒன்று புலியை வீழ்த்தி நிற்கின்றது. புலி திப்புவின் சின்னம் என்பதை வாசகர் அறிவர். பதவியின் ஏற்றத் தாழ்வுக்கேற்ப அது பொன், பொன் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் என ஐந்து வகையிற் பிரிந்தது. சென்னைப் படையைச் சேர்ந்த தமிழ்ச் சிப்பாய்களும் அப்போரில் நின்றனர்.

திருப்பம் 1815ஆம் ஆண்டு யூன் 18ஆந் திகதி நிகழ்ந்தது. அன்று வாட்டர்லூ என்னுமிடத்தில் நெப்போலியன் தோற்றான். அடுத்த இரண்டாண்டுகளுள் ஏறக்குறைய 39,000 வெள்ளிப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. வெலிங்டன் பிரபுவுக்குக் கிடைத்ததும் முரசறைந்த சிறுவனுக்குக் கிடைத்ததும் ஒரே பதக்கம், ஒரே வெள்ளி, கருநீலக் கரையிட்ட ஒரே செந்நிற நாடா. களத்திலே மாண்டவனின் பதக்கம் அவன் உறவினரைச் சென்றடைந்தது. இவற்றிலும் பெரிய புதுமை ஒன்றுண்டு. பெறுபவனின் பெயரையும் படைப்பிரிவையும் பதக்கத்தின் விளிம்பைச் சுற்றி இயந்திரத்தால் பொறித்துக் கொடுத்தனர். எழுத்தறியாத உழவன் மகனின் பெயர் வெள்ளியிலே ஏறியது.

நாணயப் பெட்டியிலிருந்து

சேகரிப்பாளர் தோன்றிய வழி இதுவே. நாணயமும் பதக்கமும் வட்ட வடிவின. இரண்டிலும் அரசனின் தலை உண்டு. ஆகவே பதக்கத்தை முதலில் விரும்பிச் சேர்த்தோர் நாணயம் சேர்த்தோரே. அவர்கள் அதன் முகத்தை நோக்கினர். சிற்பியின் திறமையை மெச்சினர். வெள்ளியின் தரத்தை எடைபோட்டனர். விளிம்பிலே யாருடைய பெயர் இருக்கிறது என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

பதக்கங்கள் அவர்கள் கைக்கு எவ்வாறு வந்தன? வறுமைதான் கொண்டுவந்து கொடுத்தது. போர் முடிந்ததும் படைகள் கலைக்கப்பட்டன. காலிழந்தவனும் கையிழந்தவனும் தெருவில் நின்றனர். வீட்டிலே அடுப்பெரிய வழியில்லாதபோது, கையிலிருந்த ஒரே வெள்ளிப் பொருள் அடகுக்கடைக்குப் போயிற்று. மீட்கப்படாத பதக்கங்களிற் பல வெள்ளிக்காக உருக்கப்பட்டன. சில நாணய வியாபாரியின் தட்டுக்கு வந்தன. ஆகவே ஒவ்வொரு பழைய பதக்கத்தின் பின்னாலும் ஒரு போர் இருப்பதுபோல, பல பதக்கங்களின் பின்னால் ஒரு பட்டினியும் இருக்கின்றது.

அடுத்த படி 1847ஆம் ஆண்டில் நேர்ந்தது. வாட்டர்லூவிலே ஒரு நாட்போர் புரிந்தவனுக்குப் பதக்கம் கிடைக்க, அதற்கு முன் ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் ஆண்டுக்கணக்காய்ப் போரிட்டவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இக்குறை நீங்கவேண்டுமென ரிச்மண்ட் கோமகன் பல ஆண்டுகள் வாதாடினார். ஈற்றில் அரசாங்கம் இணங்கியது. ஆனால் நிபந்தனை ஒன்று விதித்தது: உயிரோடிருப்போர் தாமே விண்ணப்பித்துப் பெறவேண்டும். முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன, இறந்தோர் இறந்தொழிந்தனர். எஞ்சியோரில் ஏறத்தாழ 26,000 பேர் விண்ணப்பித்துப் பெற்றனர். தள்ளாத வயதில், எந்தெந்தப் போரில் நின்றோம் என்பதை நினைவிலிருந்து எழுதிய கிழவர்களின் கூட்டம் அது.

இப்பதக்கத்தில், ஒவ்வொரு போருக்கும் ஒவ்வொரு சிறு வெள்ளிப் பட்டை நாடாவின் குறுக்கே பொருத்தப்பட்டது. தரைப்படைக்கு 29 வகைப் பட்டைகள். ஒருவன் பெற்றதில் ஆகக் கூடியது 15. அதனைப் பெற்றோர் இருவரே. கடற்படைப் பதக்கத்துக்கோ 230க்கு மேற்பட்ட பட்டைகள் அனுமதிக்கப்பட்டன. அவற்றுட் சிலவற்றைக் கேட்டுப் பெற்றோர் விரல்விட்டு எண்ணத் தக்கோரே. முத்திரை சேர்க்கும் மாணவர் இதன் விளைவை எளிதில் உணர்வர். வகை பெருகினாற் சேகரிப்பவன் பிறப்பான். அரிய வகை உண்டென்றால் அவனுக்கு உறக்கம் போய்விடும். எந்தப் பட்டை அரிது, எந்தப் படைப்பிரிவுக்கு அது கிடைத்தது என்று ஆராயப் புகுந்தவன் பதக்கத்தைத் திருப்பி விளிம்பைப் பார்த்தான். அங்கே ஒரு பெயர் இருந்தது. நாணயம் சேர்ப்பவனிடமிருந்து பதக்கம் சேர்ப்பவன் பிரிந்தது அவ்விடத்திலேதான்.

நூல்கள் வந்தன

ஆசை இருந்தாற் போதாது. வழிகாட்ட நூலும் வேண்டும். 1861ஆம் ஆண்டளவில் தோமஸ் கார்ட்டர் என்பவர் பிரித்தானியத் தரைப்படையின் பதக்கங்களைப் பற்றியும் அவை பெறப்பட்ட வரலாற்றைப் பற்றியும் நூல் வெளியிட்டார். 1890இல் ஹேஸ்டிங்ஸ் இர்வினின் நூலும், 1897இல் மேயோவின் இரண்டு பெரிய தொகுதிகளும் வந்தன. இலண்டனிலே ஸ்பிங்க் என்னும் பழைய நாணய வணிக நிறுவனம் 1892இல் தன் சுற்றுப் பத்திரிகையைத் தொடங்கியது. விலை அச்சில் ஏறியதும் பொழுதுபோக்கு ஒரு துறையாயிற்று.

போலிகளும் கூடவே வந்தன. பதக்கத்தைத் தொலைத்த போர்வீரன் இன்னொருவனுடையதை வாங்கி, பழைய பெயரைத் தேய்த்துத் தன் பெயரைப் பொறிப்பித்துக்கொள்வதுண்டு. அது மானத்தின்பாற்பட்டது. ஆனால் வியாபாரி ஒருவன் புகழ்பெற்ற போரிற் பங்குபற்றியவனின் பெயரைப் புதிதாய்ப் பொறித்தால் அது மோசடி. ஆகவே விளிம்பின் கனத்தைக் கருவிகொண்டு அளக்கவும், எழுத்தின் வடிவை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கவும், படைப் பட்டியலோடு பெயரை ஒப்பிடவும் சேகரிப்போர் பழகினர். காசைச் செலவிட வந்தவர்கள் அறியாமலே ஆராய்ச்சியாளராயினர்.

பதக்கங்களிலே படிந்துள்ள சில வேடிக்கைகளும் அவர்களைக் கவர்ந்தன. 1853இல் தொடங்கிய கிரிமியப் போரின் பதக்கப் பட்டைகள் ஓக் இலை வடிவின. அவை மதுக்குடுவையின் கழுத்தில் தொங்கும் பெயர்த்தகடுபோல் இருந்தமையாற் படைவீரர் அவற்றை மதுவகைகளின் பெயரால் அழைத்துக் கேலி செய்தனர். தென்னாபிரிக்காவிற் போயர் போர் 1899இல் மூண்டபோது அது 1900இல் முடிந்துவிடும் என்று கருதி, அவ்விரண்டு ஆண்டுகளையும் பதக்கத்தின் பின்புறத்திற் பொறித்துவிட்டனர். போரோ 1902 வரை நீண்டது. செய்வித்த பதக்கங்களிலிருந்து ஆண்டுகளை அகற்றினர். ஆயினும் பலவற்றில் அவற்றின் சாயல் மறையவில்லை. வெளிச்சத்திற் சாய்த்துப் பார்த்தால் அரசாங்கத்தின் அவசரம் இன்றும் தெரிகின்றது. அப்போருக்கு இலங்கையிலிருந்தும் ஒரு குதிரைப்படைப் பிரிவு 1900இற் சென்றது. சிறைப்பட்ட போயர்கள் தியத்தலாவைக்குக் கொணரப்பட்டனர்.

வேடிக்கையல்லாத செய்தியும் உண்டு. ஆப்கானியப் போரிற் படைநடத்திய ரொபர்ட்ஸ் பிரபுவின் குதிரை வொனொலெலுக்கு, மகாராணியின் இசைவோடு, பட்டைகளுடன் கூடிய போர்ப் பதக்கம் வழங்கப்பட்டது. 1897இல் மகாராணியின் வைரவிழா ஊர்வலத்தில் அது பதக்கங்களைக் கழுத்திலே தாங்கி நடந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், 1885 முதல் 1887 வரை நடந்த பர்மியப் போரில், படையின் பின்னே தண்ணீர் சுமந்தோருக்கும் காயமுற்றோரைத் தூக்கியோருக்கும் அதே பதக்கம் வெண்கலத்தில் வழங்கப்பட்டது. போரிட்டவனுக்கு வெள்ளி; தண்ணீர் கொடுத்தவனுக்கு வெண்கலம். நெடுங்காலம் வெண்கலப் பதக்கத்தைச் சேகரிப்போரே ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இன்றோ சுமைதூக்கியின் பெயரைத் தேடி அதனை வாங்குவோரும் உளர். ஆங்கில எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு எழுதிய இந்தியப் பெயர்களை அவ்விளிம்புகளிற் படிக்கும்போது, அப்பெயரை அவனுடைய தாய் எவ்வாறு அழைத்திருப்பாள் என்று எண்ணத் தோன்றுகின்றது.

காகிதம் எரிந்தது

முதலாம் உலக யுத்தம் பதக்கத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. பிரித்தானியப் போர்ப் பதக்கம் மாத்திரம் ஏறத்தாழ 65 இலட்சம் வழங்கப்பட்டது. நட்சத்திரம், போர்ப் பதக்கம், வெற்றிப் பதக்கம் ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற்றோர் பலர். அக்காலத்துப் பத்திரிகைச் சித்திரக் கதையொன்றில் வந்த நாய், பென்குயின், முயல் என்னும் மூன்று தோழர்களின் பெயரை மக்கள் அவற்றுக்கு வேடிக்கையாய் இட்டனர். மாண்டவரின் குடும்பத்துக்கு வெண்கலத் தகடு ஒன்றும் சென்றது. அதிலே பெயர் உண்டு, பதவி இல்லை. சாவிலே யாவரும் சமம் என்று கருதி அவ்வாறு செய்தனர். சிகரெட் பெட்டிகளுள் வைத்து வந்த படங்களிலும் பதக்கங்கள் இடம்பெற்றன. பிளேயர்ஸ் கம்பனி 1927இல் 90 படங்கள் கொண்ட வரிசையை வெளியிட்டது. நாடாக்களின் நிறங்களைச் சிறுவர் அவற்றிலிருந்து மனப்பாடம் செய்யலாயினர்.

1940 செப்டெம்பரில் இலண்டன்மீது வீழ்ந்த குண்டுகள், முதலாம் யுத்தத்துச் சிப்பாய்களின் சேவைப் பத்திரங்கள் வைத்திருந்த களஞ்சியத்தை எரித்தன. பாதிக்கு மேற்பட்டவை சாம்பலாயின. எஞ்சியவை கருகின; நீரில் நனைந்தன. ஆனால், யார் யாருக்குப் பதக்கம் வழங்கப்பட்டது என்னும் பட்டியல்கள் தப்பின. ஆகவே எத்தனையோ சிப்பாய்களின் படைவாழ்வுக்குச் சான்றாக எஞ்சியவை பட்டியலில் ஒரு வரியும் பதக்க விளிம்பில் ஒரு வரியும் மட்டுமே. அடுத்த யுத்தம் நடந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டிலேதான் இங்கிலாந்தில் பதக்க ஆராய்ச்சிச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் பெயரிலே ‘ஆராய்ச்சி’ என்ற சொல் இருப்பது கவனிக்கத் தக்கது.

இவ்வாறு தொடங்கிய துறையில் இன்று இறங்குவோர் எவ்வாறு இறங்குகின்றனர் என்று நோக்கினால் நான்கு வாயில்கள் தெரிகின்றன. பாட்டனின் பதக்கத்தைக் கையிலெடுத்து, அதன் கதையைத் தேடப் புகுந்து, பாட்டனின் தோழரது பதக்கங்களையும் நாடுவோர் ஒரு சாரார். பள்ளிக்கூடத்திற் படித்த ஒரு போரின்மீது பற்றுக்கொண்டோர் மற்றொரு சாரார். தம் ஊர்ப் படைப்பிரிவின் பதக்கங்களை மட்டுமே நாடுவோரும், தம் குடும்பப் பெயர் விளிம்பிலுள்ள பதக்கங்களை மட்டுமே நாடுவோரும் ஏனையோர். முதல் வாயிலுக்கு அண்மித்த உதாரணம் மைக்கேல் ஆஷ்குரொப்ட் பிரபு. 1944இல் நோர்மண்டிக் கரையில் இறங்கிய தந்தையார் சொன்ன கதை அவருடைய ஆர்வத்தைத் தூண்டியது. அவர் 1986இல் ஜேம்ஸ் மெகென்னிஸ் என்னும் நீர்மூழ்கி வீரரின் விக்டோரியாச் சிலுவையை ஏலத்தில் வாங்கினார். பின்னர் இருநூறுக்கு மேற்பட்டவற்றைச் சேர்த்தார். அவை 2010 முதல் 2025 வரை இலண்டன் போர் நூதனசாலையிற் காட்சிக்கு இருந்தன.

உருக்குவோரும் காப்போரும்

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பிறன் பதக்கத்தை வாங்குவது தகுமா?

1980ஆம் ஆண்டு தை மாதத்தில் வெள்ளியின் விலை என்றுமில்லாவாறு ஏறி அவுன்சுக்கு ஐம்பது டொலரை அண்மித்தது. முதலாம் யுத்தத்துப் போர்ப் பதக்கம் ஏறத்தாழ ஓர் அவுன்சு வெள்ளி. சேகரிப்போர் கொடுத்த விலையிலும் உருக்குவோர் கொடுத்த விலை மிஞ்சிற்று. பதக்கங்கள் மூட்டை மூட்டையாய் உலைக்குச் சென்றன. விளிம்பிலிருந்த பெயர்கள் உருகிப் போயின. அவற்றை விற்றோருள் அப்பெயர்களுக்கு உரித்தான குடும்பத்தினரும் இருந்தனர். தப்பியவற்றுட் பலவற்றைத் தப்பவைத்தோர் சேகரிப்பாளரே. உறவினர் கைவிட்டதை அந்நியன் காத்தான் என்றால் அவனைக் குறைகூற எமக்கு நா எழவில்லை. ஆயினும், வறியவனின் அவசரத்தை அறிந்து அரைவிலைக்கு வாங்குபவனை நாம் காப்போன் என்று சொல்லமாட்டோம். பெயரைக் காப்பதற்காக வாங்குவதும், விலை ஏறும் என்று வாங்குவதும் ஒன்றல்ல.

இது தொடர்பாக எம் மண்ணிலே நாம் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் எமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தில், அண்ணனும் தம்பியுமாக இருவர் இரண்டாம் உலக யுத்த காலத்தில் பட்டாளத்திற் சேர்ந்து பணிபுரிந்தனர். இருவருக்கும் 1939–45 போர்ப் பதக்கம் கிடைத்தது. பதக்கங்கள் றங்குப் பெட்டியின் அடியில், சேவைப் பத்திரங்களோடு கிடந்தன. 1995இல் ஊரோடு இடம்பெயர்ந்தபோது வீட்டுக்காரி பதக்கங்களைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்; பத்திரங்களை எடுக்க நேரமிருக்கவில்லை. திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை. அது இருந்த அறைக்குக் கூரையும் இல்லை. பல ஆண்டுகளின் பின்னர், வெளிநாட்டிலே வாழும் தம்பியாரின் பேரன் வந்து தன் பாட்டனாரின் பதக்கத்தைக் கேட்டான். இரண்டையும் மேசைமேல் வைத்தனர். இரண்டிலும் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. இரண்டின் பின்புறத்திலும் இருதலைப் பறவைநாகத்தை மிதித்து நிற்கும் சிங்கம். விளிம்பைத் திருப்பிப் பார்த்தனர். வெறுமையாக இருந்தது. பிரித்தானிய அரசாங்கம் அந்த யுத்தத்தின் பதக்கங்களைப் பெயர் பொறியாமலே வழங்கியது. அவுஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் தம்மவருக்குப் பொறித்துக் கொடுத்தன.

“இரண்டும் ஒண்டுதானே தம்பி, எதை எடுத்தால் என்ன?” என்றார் வீட்டுக்கார ஆச்சி. பேரன் ஒன்றை எடுத்துக்கொண்டான். அது தன் பாட்டனாருடையதா, பெரிய பாட்டனாருடையதா என்பதை அவன் அறிய வழியில்லை. ஆச்சியின் சொல்லில் அன்பு இருந்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒருவர் கொழும்பிலே கணக்கெழுதினார். மற்றவர் திருகோணமலையில் நின்றார். அவ்வளவே இப்போது யாவரும் அறிந்தது.

ஆகவே மாணவரும் பெற்றோரும் எம் சொல்லைச் சிறிது செவிமடுக்க வேண்டுகின்றோம். பதக்கம் சேர்க்கத் தொடங்குவதற்குக் காசு வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய பதக்கமொன்று உண்டாவென்று கேளுங்கள். யுத்தப் பதக்கமாயினும், நெடுங்காலச் சேவைப் பதக்கமாயினும், சாரணர் பதக்கமாயினும் சரியே. அதனைச் சாம்பலும் புளியும் இட்டுத் துலக்காதீர்கள். துலக்கத் துலக்க எழுத்து தேயும். விளிம்பிலே பெயர் இருந்தால் அதை எழுத்துப் பிசகாமற் பிரதி செய்யுங்கள். இல்லையாயின், யாருடையது, எங்கே பெற்றது, எந்த ஆண்டு என்பவற்றை வீட்டிலுள்ள மூத்தவரைக் கேட்டு ஒரு துண்டில் எழுதுங்கள். ஒரு பிரதியைப் பதக்கத்தோடும் இன்னொன்றை வேறு வீட்டிலும் வையுங்கள். மூத்தவர் இருக்கும்போதே இதனைச் செய்யுங்கள். அவர் போனபின் விளிம்பிலே எழுதுவதற்கு நம்மிடம் ஒரு பெயரும் இராது.